பிள்ளை பிடிச்சவன்

ஓடுகிறோம். ரோட்டில் இல்லை. ரோட்டில் இடமில்லை. பக்கத்து வயலில் ஓடுகிறோம். அறுத்த வயல். தாள் காலைக் கிழிக்கிறது. தூரத்தில் ஒரு சத்தம். டும். ஷெல் கிளம்பிவிட்டது. இனி விசில் வரும். விசில் கேட்கிற வரைக்கும் பயமில்லை. அது தலைக்கு மேலே தாண்டிப் போகிறது. விசில் பாதியில் நின்றால்தான் பயம். நின்றது.

"படு! எல்லாரும் படு!"

கத்தியது யார் என்று தெரியாது. எல்லாரும் படுத்தோம். மண் எழும்பி முதுகில் கொட்டியது. ஒரு மாடு கத்தியது. பிறகு அந்த மாடு கத்தவில்லை. முன்னால் கிடந்தவர்கள் எழுந்து ஓடினார்கள். நாங்களும் எழுந்து ஓடினோம்.

அது மாசி மாதம். எனக்குப் பதினேழு வயது. கிளிநொச்சிக்குக் கிழக்கே இருந்த வீட்டை விட்டுக் கிளம்பியிருந்தோம். அப்பா, அம்மா, மூத்தவள் நான். தம்பி ரூபன் எங்களோடு இல்லை. கிளம்புவதற்கு முதல் நாள் பின்னேரம் அவனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

பிடித்துக்கொண்டு. இந்தச் சொல்லை இங்கேயே விளக்கிவிடுகிறேன். எங்கள் பக்கம் அந்த நாட்களில் பிள்ளை பிடிக்கிறார்கள் என்றால் ஒரே அர்த்தம்தான். சண்டைக்கு ஆள் சேர்க்கிறார்கள். இயக்கத்துப் பெடியன்கள் வீடு வீடாக வருவார்கள். வீட்டுக்கு ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவார்கள். அப்படி வருகிறவனுக்குப் பிள்ளை பிடிக்கிறவன் என்று பெயர். இந்தச் சொல்லைக் கேட்டால் தாய்மார் அடுப்பை அணைத்துவிட்டுப் பிள்ளையைப் பதுங்குகுழிக்குள் தள்ளி, மேலே விறகு அடுக்குவார்கள். எங்கள் அம்மாவும் விறகு அடுக்கினாள். அன்றைக்கு ரூபன் இருமிவிட்டான்.

ரூபனுக்குப் பதினாறு. உள்ளங்காலில் கண்ணாடி குத்தியிருந்தது. அம்மா தன் சேலையைக் கிழித்துக் கட்டுப் போட்டிருந்தாள். நொண்டிக்கொண்டுதான் போனான். கூட்டிப் போனவன் மெலிந்தவன், இருபத்தைந்து வயதிருக்கும். துப்பாக்கி தோளில் தொங்கியது. அதை அவன் தொடவில்லை. அம்மா அவன் காலைப் பிடித்தாள். அவன் குனிந்து அவளைத் தூக்கிவிட்டான்.

"குறை நினைக்காதேங்கோ அம்மா" என்றான்.

மரியாதையாகத்தான் சொன்னான். அந்த மரியாதையைத்தான் அம்மாவால் மன்னிக்கவே முடியவில்லை.

மறுநாள் காலையில் ஊர் கிளம்பியது. யாரும் அறிவிக்கவில்லை. முதலில் ஒரு டிராக்டர் போனது. அதைப் பார்த்து இரண்டு வீடு கிளம்பியது. அந்த இரண்டைப் பார்த்து எங்கள் ஒழுங்கை, அந்தச் சந்து முழுவதுமே, கிளம்பியது. அம்மா வர மாட்டேன் என்றாள். பிள்ளை திரும்பி வந்தால் வீட்டில் ஆள் வேண்டாமா என்று வாசலில் உட்கார்ந்துகொண்டாள். அப்பா கோபக்காரர் இல்லை. அன்றைக்கு அவளைக் கையைப் பிடித்து இழுத்தார்.

"ஊரே போகுது. நாங்கள் மட்டும் இருந்து என்ன செய்யிறது?"

அம்மா எழுந்தாள். இந்தக் கேள்விக்கு யாரிடமும் பதில் இருந்து நான் பார்த்ததில்லை.

நடந்தோம். எங்கே போகிறோம் என்று பக்கத்தில் வந்தவர்களைக் கேட்டேன். முன்னால் போகிறவர்களுக்குத் தெரியும் என்றார்கள். அப்பா வேகமாக நடக்கிறவர். முன்னுக்குப் போய் விசாரித்துவிடலாம் என்றார். விலக்கி விலக்கி நடந்தோம். விடிகிற நேரத்தில் கூட்டத்தின் தலைக்கே வந்துவிட்டோம். அங்கே ஒரு ஆள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். கேரியரில் அரிசி மூட்டை, மூட்டைமேல் கோழிக்கூடை. அவருக்கு முன்னால் யாரும் இல்லை. வெறும் ரோடு. அப்பா கேட்டார், போகிற இடம் பாதுகாப்பா என்று. அந்த ஆள் திரும்பிப் பார்த்தார். கண்ணுக்கெட்டிய மட்டும் சனம்.

"நான் தங்கச்சி வீட்டை போறன். நீங்கள் எல்லாரும் எங்க போறீங்கள்?"

அப்பா சிரித்துவிட்டார். அந்த மாதத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

அடுத்த சந்தியில் அந்த ஆள் இடப்பக்கம் திரும்பினார். பாதிச் சனம் அவர் பின்னால் திரும்பியது. மீதி நேரே போனது. நாங்கள் நேரே போனோம். காரணம் கேட்காதீர்கள். நேரே போனவர்கள் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். பின்னால் வருகிறவன் முன்னால் போகிறவனுக்குத் தெரியும் என்று நம்புகிறான். முன்னால் போகிறவன், இத்தனை பேர் பின்னால் வருகிறார்களே, நாம் போவது சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிறான். நடுவில் இருக்கிறவனுக்கு இரண்டு பக்கமும் நம்பிக்கை. அவன்தான் இருப்பதிலேயே நிம்மதியாக நடக்கிறான்.

அப்பா ஒரு வரிசையில் செத்தார். கடற்கரைப் பக்கம் வந்த பிறகு. கூடாரத்துக்கு வெளியே ஆட்கள் வரிசையாக நின்றார்கள். ஏதோ கொடுக்கிறார்கள் என்று அப்பா போய் நின்றார். பாத்திரம் எடுத்து வா என்று எனக்குக் கையைக் காட்டினார். நான் பாத்திரம் எடுக்க உள்ளே திரும்பினேன். டும். விசில். விசில் நின்றது. அந்த வரிசையில் என்ன கொடுத்தார்கள் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. பிழைத்தவர்கள் இரண்டு பேரைக் கேட்டேன். அவர்களுக்கும் தெரியவில்லை. வரிசை நின்றது, நாங்களும் நின்றோம் என்றார்கள்.

சண்டை முடிந்தது. பிறகு இந்தியாவுக்குப் படகு. பிறகு முகாம். அதையெல்லாம் எழுதினால் இது வேறு கதையாகிவிடும். இப்போது பழனி மலைத்தொடரின் கீழ்ச்சரிவில் இருக்கிறேன். அப்பாவின் தம்பி குடும்பத்தார், மலையகத் தமிழரை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிய ஒப்பந்தக் காலத்திலேயே கப்பலேறி வந்து இந்த மலையில் குடியேறியவர்கள். சித்தப்பாதான் முகாமிலிருந்து அனுமதி வாங்கி எங்களை அழைத்துக்கொண்டார். காப்பித் தோட்டத்தில் வேலை. பழம் பறிப்பேன், களத்தில் காயப்போடுவேன், மிளகுக் காலத்தில் மிளகு உதிர்ப்பேன். பண்ணைக்காட்டிலிருந்து பஸ் பிடித்து வருகிற தூரத்தில் ஊர். ஊர்ப் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் அந்த ஊர்தான் அப்படி என்று நினைத்துக்கொண்டு உங்கள் ஊரில் நிம்மதியாக இருப்பீர்கள்.

எனக்குச் சந்தேகம் அதிகம். மறைக்கவில்லை. இரண்டு பேர் ஒரே பக்கம் ஓடினால் நான் எதிர்ப்பக்கம் பார்ப்பேன். கடையில் கூட்டம் இருந்தால் காலிக் கடைக்குப் போவேன். அங்கே ஊசிப்போன சாமானைத் தலையில் கட்டுவார்கள், அதையும் வாங்கி வந்திருக்கிறேன். தை மாதம் பழனிக்கு நடக்கிற கூட்டத்தைப் பார்த்தால் எல்லாரும் கும்பிடுவார்கள். நான் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். தோட்டத்தில் எனக்கு சி.ஐ.டி. என்று பெயர். கூட வேலை செய்கிற பாண்டியம்மா அக்காதான் வைத்தாள். நல்லவள். அம்மாவுக்குக் காய்ச்சல் என்றால் கஷாயத்தோடு வருகிறவள்.

அந்த வாரம் அந்த அக்காதான் முதலில் போனை நீட்டினாள்.

"புள்ள புடிக்கிறவங்க லாரியில வந்து எறங்கியிருக்காங்களாம்ல. ஒனக்கு வரலயா?"

போனில் யாரோ ஒரு பெண் அழுதுகொண்டே பேசுகிற குரல். எந்த ஊர் என்று சொல்லவில்லை. யார் பிள்ளை என்று சொல்லவில்லை. இந்த ஊரில் பிள்ளை பிடிக்கிறவன் என்றால் வேறு ஆள் என்று எனக்கு அப்போதே தெரியும். சாக்கில் போட்டுத் தூக்கிக்கொண்டு போகிறவன். கண்ணைத் தோண்டி விற்கிறவன். சாப்பிடாத பிள்ளைகளுக்குச் சொல்கிற பூச்சாண்டி. நான் என் வழக்கப்படி விசாரித்தேன். உனக்கு யார் சொன்னது அக்கா? அய்யம்பாளையத்தில் இருக்கிற தங்கச்சி. அவளுக்கு? பால்காரர். பால்காரருக்கு? போனில் வந்தது. போனில் அனுப்பியது யார்? அக்காவுக்கு எரிச்சல் வந்துவிட்டது. இத்தனை பேர் பொய்யா சொல்வார்கள் என்றாள். அன்றைக்கு மதியமே சில வீடுகளில் பள்ளிக்கூடம் போன பிள்ளைகளைப் பாதியில் கூட்டி வந்துவிட்டார்கள். கூட்டி வந்ததைப் பார்த்து மற்ற வீட்டுக்காரர்களும் ஓடினார்கள். சாயங்காலத்துக்குள் பள்ளிக்கூடம் காலி. பள்ளிக்கூடம் காலியானதே அதற்குச் சாட்சி என்றாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை சந்தை. அம்மாவும் நானும் போனோம். பனி இறங்கியிருந்தது. நாலு கடை தள்ளி இருப்பவன் முகம் தெரியாது. சந்தையின் ஓரத்தில் ஒட்டன்சத்திரத்து லாரி நின்றது. சௌசௌ மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சுமை தூக்குகிற ஒருவன் முதுகில் மூட்டையோடு வந்தான். மூட்டையின் முனை அம்மாவின் தோளில் இடித்தது. பை கீழே விழுந்தது. அவன் நிற்கவில்லை. நடந்துகொண்டே சொன்னான்.

"குறை நினைக்காதேங்கோ அம்மா."

அம்மா பையை எடுக்கவில்லை. அப்படியே நின்றாள். எனக்கும் கேட்டது. எனக்கு முதலில் வந்தது சந்தேகம்தான். எங்கள் வன்னியில் யாரும் சொல்கிற வார்த்தை இது. கால் மிதிபட்டாலும் சொல்வோம், கடன் கேட்டாலும் சொல்வோம். அதற்குள் அம்மா போய்விட்டாள். மூட்டு வலிக்காரி. அவ்வளவு வேகமாக அவள் நடந்து நான் பார்த்ததில்லை. அவன் மூட்டையை லாரியில் போட்டுவிட்டுத் திரும்பினான். சட்டையைப் பிடித்தாள். முகத்தைப் பார்த்தாள். ரூபன் எங்கே என்று மெதுவாகத்தான் கேட்டாள். அவன் முகம் வெளுத்தது. அவள் கையை விலக்கப் பார்த்தான். அப்போதுதான் அம்மா கத்தினாள். அத்தனை வருடமும் உள்ளே கிடந்த சத்தம்.

"பிள்ளை பிடிச்சவன்! இவன்தான்! என்ர பிள்ளையைப் பிடிச்சவன்!"

ஒரு நொடி எல்லாரும் எங்கள் பக்கம் திரும்பினார்கள். தராசுத் தட்டு ஒன்று கல்லில் உட்கார்ந்த சத்தம் கேட்டது. அவ்வளவுதான்.

"புடிங்கடா அவன! ஏலே, ஓட விடாதீங்க!"

முதல் அடி கன்னத்தில். பளார். இரண்டாவது என்ன என்று தெரியவில்லை, மந்தமான சத்தம், மூட்டை விழுவது போல. பிறகு எண்ண முடியவில்லை. குடை, செருப்பு, தராசுக் கம்பி. பூண்டு விற்கிறவர் கடையை விட்டு வந்தார். தோளில் குழந்தை வைத்திருந்த ஒருவர், குழந்தையை மனைவியிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார். ஓங்கி ஒரு அடி அடித்தார். திரும்பி வந்து குழந்தையை வாங்கிக்கொண்டார். குழந்தையின் தொப்பி நழுவியிருந்தது. அதைச் சரிசெய்தார்.

நான் உள்ளே போகப் பார்த்தேன். தள்ளிவிட்டார்கள். சொல்லிப் பார்த்தேன். இவன் அந்தப் பிள்ளை பிடிக்கிறவன் இல்லை, இது வேறு பிள்ளை பிடிக்கிறவன் என்றேன். எத்தனை முட்டாள்தனம் பாருங்கள். பின்னால் இருந்த ஒருவன் அதைத் தன் பாணியில் கேட்டுக்கொண்டான்.

"வேற ஒருத்தனும் இருக்கானாம்! லாரியப் பாருங்கடா!"

நாலைந்து பேர் லாரிக்கு ஓடினார்கள். கண்ணாடி உடைகிற சத்தம். டிரைவர் லாரிக்கு அடியில் புகுந்துகொண்டார். நான் சொன்ன உண்மையால் நடந்தது இதுதான்.

அம்மா இப்போது அழுகிறாள். விடுங்கோ, விடுங்கோ என்கிறாள். அவன் முகத்தில் ரத்தத்தைப் பார்த்துவிட்டாள். அவளைச் சுற்றி நாலு பெண்கள். அழாதீங்கம்மா, நாங்க பாத்துக்கிறோம் என்று கண்ணைத் துடைத்துவிடுகிறார்கள். உண்மையான பாசம். அவள் அழ அழ ஆண்கள் இன்னும் அடித்தார்கள்.

எனக்கு அவன்மேல் இரக்கம் இருந்தது என்று நினைக்காதீர்கள். துளி இல்லை. என் பயம் வேறு. ரூபனைக் கடைசியாகப் பார்த்தவன் அவன். உலகத்தில் அந்தப் பதில் இருக்கிற ஒரே வாய் அந்த வாய். அதை அவர்கள் செருப்பால் அடித்துக்கொண்டிருந்தார்கள். இவன் செத்தால் என் தம்பி எங்கே என்று கேட்க ஆள் இல்லை.

உண்மை வேலைக்கு ஆகாது என்று தெரிந்துவிட்டது. கூட்டத்துக்கு விளக்கம் கேட்கப் பொறுமை கிடையாது. அதற்குக் கேட்பது சத்தம் மட்டும்தான். படு என்று யாரோ ஒருவர் கத்தியதால் வயலில் படுத்துப் பிழைத்தவள் நான். அந்தக் குரல் யாருடையது என்று யாராவது கேட்டோமா? நான் பனிக்குள் நாலு எட்டு பின்னால் போனேன். இந்த ஊர்க்காரி மாதிரியே கத்தினேன்.

"காட்டுமாடு! சந்தக்குள்ள காட்டுமாடு வருது! வெரசா ஓடுங்க!"

இந்த மலையில் காட்டுமாடு ரோட்டுக்கு வருவது புதிதில்லை. ஒரு ஜீப் அளவுக்கு இருக்கும். முட்டினால் குடல் வெளியே வரும். காட்டுமாடு எங்கே என்று ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. முதலில் ஓடியது பூண்டுக்காரர். அவர் ஓடுவதைப் பார்த்து மற்றவர்கள். கூடைகள் உருண்டன. ஒரு தகர ஷட்டர் இழுபட்டது. குழந்தை வைத்திருந்தவரும் மனைவியும் என்னைத் தாண்டி ஓடினார்கள். தக்காளி விற்கிற அம்மா எழுந்திருக்குமுன் அவள்மேல் மூன்று பேர் விழுந்தார்கள். எலும்பு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. குச்சி ஒடிவது போல. அந்தக் கைக்கு நான்தான் பொறுப்பு. மறுக்கவில்லை.

சந்தை காலியானது. தக்காளிக்கார அம்மா முனகிக்கொண்டிருந்தாள். அவன் சௌசௌ குவியலில் கிடந்தான். அம்மா அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவன் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தாள். என்ர பிள்ளை எங்க, என்ர பிள்ளை எங்க. அவனால் பேச முடியவில்லை. வாய்க்குள் உடைந்த பல் கிடந்தது. லாரிக்கு அடியில் இருந்து டிரைவர் வந்தார். கண்ணாடி இல்லாத லாரியில் இரண்டு பேரையும் ஏற்றினோம்.

ஆஸ்பத்திரியில் தக்காளிக்கார அம்மாவுக்குக் கட்டுப் போட்டு அனுப்பிவிட்டார்கள். அவனைத் திண்டுக்கல்லுக்கு அனுப்பினார்கள். அம்மா விடவில்லை. கூடவே போனாள். வார்டில் யார் என்று கேட்டால் சொந்தம் என்றாள். அவனுக்கு அவள் கஞ்சி ஊட்டுவதை நான் பார்த்தேன். அது அன்பு இல்லை. பதில் கெட்டுப்போகாமல் காப்பாற்றிக்கொண்டிருந்தாள்.

வாய் திறக்க முடிந்தபோது பேசினான். பெயர் நேசன் என்றான். தன்னையும் பிடித்துத்தான் கொண்டு போனார்களாம். பிறகு பிடிக்க அனுப்பினார்களாம்.

"எல்லாரும் பிடிச்சாங்கள். நானும் பிடிச்சன்."

அதைக் கேட்டு எனக்கு ஆத்திரம்தான் வந்தது. அம்மா அதைக் காதில் வாங்கவில்லை. ரூபனைப் பற்றிச் சொல் என்றாள். அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினான்.

"காலில சீலைத்துணி கட்டியிருந்தவன். அவன்தானே?"

அம்மா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அந்தத் துணியைப் பற்றி நாங்கள் யாரிடமும் சொன்னதில்லை. ஆள் இவன்தான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

மீதியை அவன் விட்டு விட்டுச் சொன்னான். ஒரு இரவு வைத்திருந்தார்களாம். காலில் சீழ் பிடித்திருந்ததாம். நடக்க முடியாத பிள்ளையைக் கொண்டுபோய் என்ன செய்வது என்று மறுநாள் மத்தியானம் தானே அவனை எங்கள் ஒழுங்கை முனைவரை கூட்டி வந்து விட்டானாம். வீடு திறந்து கிடந்ததாம். ரூபன் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வெளியே வந்தானாம். ஊரில் ஒருவரும் இல்லை. பெரிய ரோட்டில் மட்டும் சனம் போய்க்கொண்டிருந்தது.

"அம்மா அதுக்குள்ளதான் இருப்பா எண்டு சொல்லிப்போட்டு அவனும் அந்தச் சனத்துக்குப் பின்னால போனவன். அதுக்குப் பிறகு எனக்குத் தெரியாது."

நாங்கள் அன்றைக்குக் காலையில்தான் கிளம்பியிருந்தோம். அரை நாள். நொண்டிக்கொண்டு எங்கள் பின்னால் வந்திருக்கிறான். கூட்டத்தின் தலையைத் தேடி அப்பா எங்களை முன்னுக்கு முன்னுக்கு இழுத்துக்கொண்டு போனார். சந்தியில் சனம் இரண்டாகப் பிரிந்தது. அவன் எந்தப் பக்கம் திரும்பினான் என்று சொல்ல யாரும் இல்லை.

அம்மா கஞ்சிக் கிண்ணத்தை மூடி வைத்தாள். பிறகு சாதாரணக் குரலில் சொன்னாள்.

"நான் வீட்டிலயே இருந்திருப்பன்."

அப்பாவைத் திட்டவில்லை. அப்பா இருந்திருந்தால் அதைக் கேட்டே செத்திருப்பார். நான் அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று சத்தம் போட்டு அழுதேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அங்கே எல்லாரும் அழுகிறவர்கள்தான்.

இப்போது என் சந்தேகத்தைச் சொல்கிறேன். அவன் சொன்னதில் முதல் பாதி உண்மை. துணிக் கட்டு சாட்சி. இரண்டாம் பாதிக்கு என்ன சாட்சி? போலீஸ் வாசலில் நிற்கிறது. இவன் இயக்கத்தில் இருந்தவன் என்று அம்மா ஒரு வார்த்தை சொன்னால் அவன் பாடு திண்டாட்டம். கட்டில் பக்கத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய். அந்த நேரத்தில் எவனும் நான் விட்டுவிட்டேன் என்றுதான் சொல்வான். நானே அவன் இடத்தில் இருந்தால் அப்படித்தான் சொல்வேன். ரூபனை முன்வரிசையில் இறக்கிவிட்டு வந்திருக்கலாம். குழி தோண்ட விட்டிருக்கலாம். கண் முன்னால் செத்தே இருக்கலாம். இல்லை, அவன் சொன்னதே நடந்திருக்கலாம். அவன் முகத்தில் தேடிப் பார்த்தேன். பாதி முகம் கட்டுக்குள் இருந்தது.

இதை அம்மாவிடம் சொல்லவில்லை. அவள் முழுதாக நம்பிவிட்டாள். போலீஸ் கேட்டபோது, இவர் எங்கள் ஊர்க்காரர், நான் ஆள் தெரியாமல் கத்திவிட்டேன் என்று கையெழுத்துப் போட்டாள். நேசன் குணமாகி எங்கோ போய்விட்டான். எங்கே என்று எங்களிடம் சொல்லவில்லை. அது அவன் புத்திசாலித்தனம்.

போலீஸ் ஊரிலும் விசாரித்தது. அடித்தவர்கள் யார் என்று கேட்டது. பூண்டுக்காரர் அன்றைக்குக் கடையே போடவில்லையாம். கண்ணாடி உடைத்தவர்கள் அந்தப் பக்கமே போகவில்லையாம். பாண்டியம்மா அக்காவிடம் கேட்டேன். அவள் ரொம்ப யோசித்துப் பதில் சொன்னாள்.

"அடிச்சது எல்லாரும்தான். ஆனா நம்மாளுக யாரும் அடிக்கலயாம் பாத்துக்க."

அவள் கேலி செய்யவில்லை. நிஜமாகவே அப்படி நம்புகிறாள். எனக்குப் பயமாக இருப்பது அதுதான். காட்டுமாட்டின் கதை இன்னும் மோசம். அன்று சாயங்காலமே போனில் படம் வந்துவிட்டது, ஏதோ ஒரு ரோட்டில் ஏதோ ஒரு காட்டுமாடு. சந்தைமுனை டீக்கடைக்காரர் தன் கண்ணால் பார்த்தாராம். ஒரு கொம்பு ஒடிந்திருந்ததாம். தன் கடை பெஞ்சை உரசிக்கொண்டு போனதாம். என்னிடமே சொன்னார். நான் டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். நான்தான் கத்தினேன் என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. இதைப் படிக்கிறவர்களும் நம்ப வேண்டியதில்லை.

குழந்தைக்காரரை வாராவாரம் சந்தையில் பார்க்கிறேன். அம்மா எப்படி இருக்கிறார்கள் என்று அக்கறையாக விசாரிப்பார். நல்ல மனிதர்தான். குழந்தை இப்போது நடக்கிறது.

அம்மா மாறிவிட்டாள். முன்பெல்லாம் ரூபன் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவாள். இப்போது முகாமிலிருந்து யார் வந்தாலும் கேட்கிறாள். சந்தியில் இடப்பக்கம் போன சனத்தில் நொண்டுகிற ஒரு பெடியனைப் பார்த்தீர்களா என்று. வந்தவர்கள் யோசிப்பார்கள். எல்லாருமே நொண்டிக்கொண்டுதானே வந்தோம் என்பார்கள். அவளுக்கு அதுவே போதும். அன்றைக்கு நன்றாகச் சாப்பிடுவாள்.

இழந்ததைச் சொல்லி முடிக்க வேண்டும். வன்னியில் வீடு, மாடு, கிணற்றடித் தென்னைகள். கடற்கரையில் அப்பா, அவரோடு அந்த வரிசை முழுவதும். அவர்கள் பெயர் எனக்குத் தெரியாது. சந்தையில் நேசனின் இடக்கண், முன்பற்கள். லாரியின் கண்ணாடிகள். தக்காளிக்கார அம்மாவின் வலக்கை. அது கோணலாகத்தான் கூடியிருக்கிறது, தராசு பிடிக்க வராது. அடித்தவர்கள் என்று ஒருவரும் இல்லை. காட்டுமாடு இருந்தது, பார்த்தவர்கள் பலர்.

உங்கள் வீட்டில் எத்தனை பேர் போனார்கள் என்று கேட்பார்கள். அம்மா பக்கத்தில் இருந்தால் ஒருவர் என்பேன். அவள் இல்லாத இடத்தில் இருவர்.